கணக்கில் எடுக்காத உப்பு

ஜன்னல் விளிம்பில் இருந்த கண்ணாடித் தட்டில் ஏதோ மின்னியது.

ஆடி மாதத்துக் காலை. மெட்ராஸில் எங்கள் ஆய்வுக்கூடம் மாடியில் இருந்தது. கிழக்கு ஜன்னல் வழியாக வெயில் நேரே மேசை மேல் வந்து விழும். முந்தின நாள் சாயங்காலம் தட்டைக் கழுவாமல் அப்படியே வைத்துவிட்டு விடுதிக்குப் போன சோம்பேறி நான்தான்.

தட்டில் மிச்சமிருந்த செடிச் சாறு வற்றியிருந்தது. பழுப்பாக ஒரு கறை. அதன் மேல் சின்னச் சின்னச் சதுரங்கள். விளிம்பு கூர்மையாக, நடுவில் படிப்படியாகக் குழிந்து, வெயிலைப் பிடித்து வைத்துக்கொண்டு கிடந்தன.

மரக்காணத்தில் பிறந்தவளுக்கு அது என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உப்பளப் பாத்தியில் தண்ணீர் முற்றி வரும்போது முதலில் மேலே மிதப்பது இதுதான். "உப்பு பூத்திடுச்சு" என்பார்கள். ஆனாலும் விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். ஆய்வுக்கூடத்தில் எதையும் வாயில் வைக்காதே என்று பிற்காலத்தில் எத்தனையோ மாணவிகளை விரட்டியவள் நான். அன்றைக்கு வைத்தேன்.

உப்பேதான்.

நாற்காலி இருந்தும் தரையில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு வருஷ உழைப்பு போயிற்றே என்றோ, பட்டம் என்னவாகும் என்றோ அப்போது தோன்றவில்லை. அஞ்சலையின் முகம்தான் வந்தது. என் பேச்சை நம்பி அவள் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்தாள்.

சுடுகாட்டுப் பூவும் உமிரியும்

இத்தனை வாரமாக இந்தத் தொடரில் விடுதிச் சாப்பாட்டைத் திட்டுகிறீர்கள், பஸ் கண்டக்டரைத் திட்டுகிறீர்கள், என்ன ஆராய்ச்சி செய்தீர்கள் என்று மட்டும் சொல்லவே இல்லையே என்று ஒரு வாசகி கோபித்து எழுதியிருக்கிறார். நியாயமான கோபம். சொல்லாமல் தள்ளிப்போட்டதற்குக் காரணம் இருந்தது. இதைப் படித்து முடிக்கும்போது அவருக்கே புரியும்.

எங்கள் ஊர்ப் பக்கம் மணல் மேடுகளில் நித்தியகல்யாணி தானாக முளைத்துக் கிடக்கும். சுடுகாட்டு ஓரமெல்லாம் அதுதான் என்பதால் சுடுகாட்டுப் பூ என்று பெயர். தலையில் வைக்க மாட்டார்கள், சாமிக்கும் சாத்த மாட்டார்கள். அந்தப் பூவின் செடியிலிருந்து ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறார்கள் என்ற சேதி, நான் படித்த காலத்தில் தாவரவியல்காரர்கள் எல்லோரையும் ஒரு ஆட்டு ஆட்டி வைத்திருந்தது. சுடுகாட்டுப் பூவிலேயே மருந்து இருக்கிறது என்றால் மற்ற செடிகளில் என்னென்ன இருக்குமோ என்று ஆளாளுக்குக் கிளம்பினார்கள்.

ஒரு சிட்டிகை மருந்துக்கு மூட்டை மூட்டையாகச் செடி வேண்டும். பிடுங்கிக்கொண்டே போனால் காடு என்னத்துக்கு ஆகும்? அதனால்தான் திசு வளர்ப்பு. செடியிலிருந்து மிளகளவு ஒரு துண்டை வெட்டி, கிருமி போகக் கழுவி, கண்ணாடிக் குடுவையில் ஜெல்லி மாதிரி இறுகிய சத்துணவின் மேல் வைப்போம். சர்க்கரை, தாது உப்புகள், வைட்டமின், கொஞ்சம் இளநீர், எல்லாம் அந்த ஜெல்லியில் இருக்கும். அதிருஷ்டம் இருந்தால் சில வாரத்தில் அந்தத் துண்டு இலையும் வேரும் விடாமல், வெறும் சதைக் கட்டியாக வீங்கி வளரும். அந்தக் கட்டியில் மருந்து இருக்கிறதா என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை.

நோயும் கட்டி, நாங்கள் வளர்ப்பதும் கட்டி. இதை முதல் நாள் பேராசிரியரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

நித்தியகல்யாணி பின்னால் ஏற்கெனவே ஊரே ஓடிக்கொண்டிருந்ததால் எங்கள் பேராசிரியர் வேறு செடி தேடினார். நான் மரக்காணம் என்று தெரிந்ததும், "உங்க ஊர் உப்பளத்துல என்னம்மா முளைக்கும்?" என்று கேட்டார். உமிரி என்றேன். உப்பு மண்ணில், வேறு புல் பூண்டு தலை காட்டாத இடத்தில், குண்டு குண்டான இலையோடு சிவந்து கிடக்குமே, அதுதான். எங்கள் பக்கம் கீரையாகச் சமைத்தும் சாப்பிடுவார்கள். அதை அரைத்துச் சாறெடுத்து, எலியின் புற்றுச் செல்களோடு கலந்து பார்த்தார். செல்கள் செத்தன. என் ஆராய்ச்சிக்குத் தலைப்பு கிடைத்துவிட்டது.

அஞ்சலை

உமிரி பறித்துக் கொடுத்தவள் அஞ்சலை. மரக்காணம் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரை ஒரே பெஞ்சு. அதற்குப் பிறகு நான் வாத்தியார் மகளாக இருந்ததால் மேலே படிக்கப் போனேன், அவள் உப்புக் கூடை தூக்கப் போனாள். கணக்கில் என்னைவிட அவள் கெட்டி. இதை மரியாதைக்காகச் சொல்லவில்லை, என் பரீட்சைத் தாளை அவள்தான் பாதி எழுதினாள்.

மாதம் ஒருமுறை ஊருக்குப் போவேன். திண்டிவனத்தில் இறங்கி பஸ் மாறி, போய்ச் சேர உச்சி வெயில் ஆகிவிடும். அளத்து வரப்பில் அவள் நிற்பாள். பாத்தியில் ஆண்கள் உப்பை வாரி ஒதுக்க, பெண்கள் கூடையில் சுமந்து போய் அம்பாரத்தில் கொட்டுவார்கள். காலில் வெடிப்பு, வெடிப்பில் உப்புத் தண்ணீர். அந்த எரிச்சலோடு ஓடி வந்து எனக்கு உமிரி பறித்துத் தருவாள்.

"இத்த இன்னா பண்ணுவே? ஆட்டுக்குப் போடுவியா?"

"மருந்து தேடறோம்டி."

"எங்க ஊட்டுல வாரத்துக்கு ரெண்டு தபா உமிரிக் கீரைதான். எங்களுக்கு ஒரு நோவும் வரலியே, அதான் மருந்துபோல."

அப்படிச் சொல்லிச் சிரித்தவள்தான், ஒரு மாசி மாதத்தில், அம்பாரத்துக்குப் பின்னால் என்னைக் கூட்டிப்போனாள். சுற்றிப் பார்த்துவிட்டு முந்தானையை விலக்கி என் கையை எடுத்து மார்பில் வைத்தாள்.

கொட்டைப்பாக்கு மாதிரி உள்ளே கெட்டியாக ஒன்று இருந்தது. அழுத்தினால் நகரவில்லை.

"வலிக்குதாடி?"

"வலிச்சா எப்பவோ உங்கிட்ட சொல்லியிருப்பேனே. வலிக்கல, அதான் பயமாக்கீது."

அடுத்த வாரமே லீவு போட்டுவிட்டு அவளைப் பாண்டிச்சேரிக்கு அழைத்துப் போனேன். பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்தார், ஊசி குத்திச் சோதனைக்கு எடுத்தார், பத்து நாள் கழித்து வரச் சொன்னார். போனோம். மார்பை எடுத்துவிட வேண்டும், இப்போது எடுத்தால் பிழைத்துக்கொள்வாய், புருஷனை அழைத்துக்கொண்டு வந்து அட்மிட் ஆகு என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

திரும்பும் பஸ்ஸில், கோட்டக்குப்பம் தாண்டிய பிறகு, அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அத்த எடுத்துட்டா கூடை தூக்க முடியுமா?"

எனக்குத் தெரியவில்லை. முடியும் என்று சொன்னேன்.

நீலம்

மெட்ராஸில் என் குடுவைகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருந்தன. உமிரித் துண்டுகள் கொஞ்சம் வீங்கும், அப்புறம் பழுப்பாகிச் சுருங்கிவிடும். உப்பிலேயே பிறந்து வளர்ந்த செடிக்குச் சர்க்கரையும் இளநீரும் மட்டும் கொடுத்தால் எப்படிப் பிடிக்கும் என்று தோன்றியது. அலமாரியில் லேபிள் ஒட்டிய பாட்டிலில் சுத்தமான உப்பு இருந்தது. எங்கள் ஊரில் மலை மலையாகக் குவிந்து கிடப்பதை இங்கே பூட்டி வைத்திருக்கிறார்களே என்று சிரித்துக்கொண்டே ஜெல்லியில் தாராளமாகப் போட்டேன். கட்டிகள் வளர்ந்தன, வெளிர் பச்சையாக, ஈரம் மினுங்க. பேராசிரியரே வந்து முதுகில் தட்டினார்.

வளர்ந்த கட்டிகளை அரைத்து, சாற்றைக் காய்ச்சிச் சுண்ட வைத்து, புற்றுச் செல்களோடு கலந்தேன். ஒரு சொட்டு நீலச் சாயம் விட்டேன். உயிருள்ள செல் சாயத்தை உள்ளே விடாது. செத்த செல் நீலமாகிவிடும். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். பார்த்த பக்கமெல்லாம் நீலம்.

ஒப்பிட்டுப் பார்க்க, கன்ட்ரோல் என்று நாங்கள் சொல்லும், செடியே வைக்காத வெறும் ஜெல்லியையும் அதே மாதிரி சாறாக்கிச் சோதித்திருந்தேன். அதில் செல்கள் உயிரோடு இருந்தன. அப்படியானால் கொன்றது செடிதானே? மூன்று முறை செய்தேன். மூன்று முறையும் நீலம்.

அந்தச் சந்தோஷத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? பங்குனி மாதம், நேரே ஊருக்குப் போனேன். அஞ்சலை இன்னும் அட்மிட் ஆகவில்லை என்பது அங்கே போய்த்தான் தெரிந்தது. அவள் புருஷன் முருகேசனும் நின்றுகொண்டிருந்தான்.

"உமிரியில மருந்து இருக்குதுடி. நான் கண்ணால பாத்துட்டேன். அத்தனை செல்லும் செத்துப் போச்சு!"

அஞ்சலை என்னையே பார்த்தாள். "அப்ப அறுக்க வாணாமா?"

வாசகர்களே, அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியது என்ன என்று எனக்கு அப்போதே தெரியும். குடுவையில் செல்லைக் கொல்வது வேறு, மனுஷியைக் குணமாக்குவது வேறு. மருந்து என்று ஒன்று வர வருஷக் கணக்கில் ஆகும். நீ போய் அறுத்துக்கொள். இவ்வளவுதான், மூன்று வாக்கியம். ஆனால் அவள் கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம் வந்திருந்தது. அதை அணைக்க எனக்கு மனசு வரவில்லை. அதைவிடக் கேவலமான காரணமும் உண்டு. என் கண்டுபிடிப்பை முதல் முதலாக ஒருத்தி முழுசாக நம்பினாள். அது எனக்கு ருசித்தது.

"கொஞ்சம் பொறுடி. இன்னும் கொஞ்ச நாள்ல தெரிஞ்சுடும்" என்றேன்.

முருகேசன் கையெடுத்துக் கும்பிட்டான். நானும் அதை வாங்கிக்கொண்டேன்.

தட்டில் இருந்தது

இனி அந்த ஆடி மாதத்துக் காலைக்கு வருகிறேன்.

தட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பேராசிரியர் முன்னால் வைத்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, தட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"கன்ட்ரோல் குடுவையில உப்பு போட்டியா வசந்தா?"

"போடல சார்."

"ஏம்மா?"

"தோணல சார்."

அதுதான் உண்மை. சர்க்கரையைக் கிராம் சுத்தமாக நிறுத்தேன், வைட்டமினைச் சொட்டுச் சொட்டாக அளந்தேன், இளநீர் எந்தக் கடையில் வாங்கியது என்பதைக்கூட நோட்டில் எழுதியிருந்தேன். உப்பை மட்டும் ஒரு சரக்காகவே நினைக்கவில்லை. எங்கள் ஊரில் அது தெருவில் கிடக்கும், காற்றில் வரும், கதவுத் தாழ்ப்பாளைத் தின்னும், உலர்ந்த துணியில் ஒட்டியிருக்கும். அதற்கென்று யார் கணக்கு வைத்தார்கள்? திருச்சிக்காரியோ கோயமுத்தூர்க்காரியோ இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டாள்.

உமிரிக் கட்டிகள் உப்பைக் குடித்து வைத்திருந்தன. அரைத்துச் சுண்டக் காய்ச்சியதில் அது இன்னும் முற்றியது. அவ்வளவு கரிப்பில் எந்தச் செல்லானாலும் சுருண்டு சாகும். புற்றுச் செல்லானால் என்ன, நல்ல செல்லானால் என்ன? பேராசிரியர் முதலில் அரைத்த பச்சைச் செடியிலும் அதே கதைதான்.

அன்றைக்கே சரிபார்த்தோம். செடியே இல்லாத வெறும் உப்புத் தண்ணீர், அதே கரிப்பில். எல்லாம் நீலம். உப்பை நீக்கிய உமிரிச் சாறு. செல்கள் எல்லாம் உயிரோடு, பளிச்சென்று, வட்ட வட்டமாக.

பேராசிரியர் என்னைத் திட்டவில்லை. "நான் பார்த்திருக்கணும்மா. கட்டுரையைத் தபால்ல சேர்க்கலையே, அந்த மட்டும் தப்பிச்சோம்" என்றார்.

அவருக்கு அந்த மட்டும் தப்பியது. நான் பர்ஸை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன்.

அளத்தில்

ஆடிக் காற்று உப்பள வரப்பில் ஆளைத் தள்ளியது. அஞ்சலை தலையில் கூடையோடு வந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் நின்றாள்.

"இன்னாடி, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிறே? மருந்து வந்துடுச்சா?"

வழியெல்லாம் சொல்லிப் பார்த்து வைத்திருந்ததை விட்டுவிட்டு நேரே சொன்னேன்.

"மருந்து இல்லடி. உமிரியில ஒண்ணும் இல்ல. நான் பாத்தது தப்பு. அதெல்லாம் செத்தது உப்பாலடி, வெறும் உப்பால."

அவள் கூடையை இறக்காமலே கேட்டுக்கொண்டிருந்தாள். அப்புறம் சிரித்தாள். நிஜமாகவே சிரித்தாள்.

"உப்புல எதுடி உசுரோட இருக்கும்? ஒரு புழு பூச்சி இருக்குதா இங்க? எங்கிட்ட கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே!"

நானும் சிரித்தேனா அழுதேனா என்று ஞாபகமில்லை. அழுதிருப்பேன். அவள் சிரிப்பு மெல்ல அடங்கியது. அம்பாரத்தில் ஏறிக் கூடையைக் கொட்டிவிட்டு இறங்கி வந்தாள். சும்மாட்டுத் துணியை உதறி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கட்டி எப்படிடி இருக்குது?"

"அது அப்படியேதான் கீது. இப்ப கக்கத்துல ஒண்ணு வந்துருக்குது."

படித்தவளுக்கு அதன் அர்த்தம் தெரியும். அவளும் என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். கூடையை எடுத்து என் மேல் எறிந்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

"நாளைக்கு மொத பஸ்ஸுக்குப் போலாம். அவர்கிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ கூட வர்றே இல்ல?" என்றாள்.

பெரிய ஆஸ்பத்திரியில்

முருகேசன் வெளியே வராந்தாவில் நின்றான். உள்ளே நாங்கள் இரண்டு பேர். அதே டாக்டர். நடுத்தர வயசு, நரைக்க ஆரம்பித்த மீசை, களைத்த முகம். அஞ்சலையின் கையை உயர்த்தி அக்குளில் விரலை வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பழைய சீட்டை எடுத்தார்.

"நாலு மாசம் முன்னாடியே அட்மிட் ஆகச் சொல்லி எழுதியிருக்கேன். ஏம்மா வரல?"

அஞ்சலை தலையைக் குனிந்துகொண்டாள்.

"கேக்கறேன் இல்ல? அன்னைக்கே வந்திருந்தா அந்த ஒரு இடத்தோட போயிருக்கும். இப்ப எங்கெங்க போயிருக்குதோ! யாரு உன்னை வர வேணாம்னு சொன்னது?"

என் தொண்டையில் பதில் இருந்தது. நான் சார், நான்தான் என்று மூன்றே சொல். வாயைத் திறக்கப் போனேன் என்றுதான் இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லி வருகிறேன். அதற்குள் டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க யாரு? படிச்சவங்க மாதிரி இருக்கீங்க. நீங்களாவது எடுத்துச் சொல்லியிருக்கக் கூடாதா?"

"அவ சொல்லிக்கினேதான் சார் இருந்தா" என்றாள் அஞ்சலை, குனிந்த தலை நிமிராமல். "நான்தான் கேக்கல. உப்பு வார்ற நேரம் சார். வுட்டுட்டு வர முடியல."

"உப்பு முக்கியமா, உயிர் முக்கியமா?" என்று மேசையைத் தட்டினார் டாக்டர். எவ்வளவு நேரம் திட்டினாரோ தெரியாது. அஞ்சலை எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். நான் அவள் பக்கத்தில் ஒரு முழ தூரத்தில், கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சுத்தமான புடவையில் நின்றுகொண்டிருந்தேன்.

வார்டுக்குப் போகும் படியில் அவள் கையைப் பிடித்தேன்.

"ஏண்டி பொய் சொன்னே?"

"உன்ன மாட்டி வுட்டா அந்த நாலு மாசம் திரும்பி வந்துடுமா?" என்றாள். சொல்லிவிட்டு, "படி உசரமாக்கீது, கையப் புடி" என்றாள்.

அறுத்தார்கள். கூடை தூக்கவும் செய்தாள், ஒரு பக்கத் தோளைச் சாய்த்துக்கொண்டு. மூன்று உப்புக் காலம் பார்த்தாள். நாலாவது தொடங்கும்போது அவள் இல்லை. அந்த மூன்று வருஷத்தில் அந்த நாலு மாசத்தைப் பற்றி அவள் ஒருமுறைகூடப் பேசவில்லை. முருகேசனும் கேட்கவில்லை. அவன் கடைசிவரை என்னைப் பார்த்தால் கும்பிட்டான்.

டாக்டர் ஐயா, நீங்கள் எங்கேயாவது இருந்து இதைப் படிக்க நேர்ந்தால், அன்று நீங்கள் திட்ட வேண்டிய ஆள் நான், பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.